பார்சல் இறக்குகிறவரின் இடுப்பு வலி

கேள்வி: தச்சநல்லூர் கிடங்கில் காலையில் குட்டியானையில் சரக்கு ஏற்றிக்கொண்டு, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம் வரை பார்சல் கொடுத்துவருகிறேன். வயது 34. நாளொன்றுக்கு எழுபது, எண்பது பெட்டிகள். அவற்றில் கனமானவை ஐந்தாறுதான். ஆறு மாதமாக மாலையில் வண்டியைவிட்டு இறங்கும்போது இடுப்பு நிமிர மறுக்கிறது. இடுப்பு பெல்ட் வாங்கிக் கட்டினால் சரியாகுமா?

பதில்: பெல்ட் வாங்க வேண்டாம். அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் அதுவரை கிடைத்திருந்த சான்றுகளையெல்லாம் பரிசீலித்து, அடிபடாத தொழிலாளருக்கு இடுப்பு பெல்ட்டைப் பரிந்துரைக்க இயலாது என்று 1994-லேயே அறிவித்துவிட்டது. பெல்ட்டை இறுக்கியதும் ஒரு தைரியம் வரும். அந்தத் தைரியத்தில், நேற்றுவரை ஆள் கூப்பிட்டுத் தூக்கிய பெட்டியை இன்று தனியாகத் தூக்கிவிடுவோம் என்பதுதான் என் அச்சம்.

கனமான பெட்டிகள் ஐந்தாறுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் இடுப்பைப் பதம்பார்ப்பவை மற்ற எழுபது இலேசான பெட்டிகள்தாம் என்று நினைக்கிறேன். தாமிரபரணிப் படித்துறையிலிருந்து தண்ணீர் எடுத்து வரும் பெண்களைப் பாருங்கள். நிறைகுடத்தை இடுப்போடு ஒட்டவைத்து, கையால் அணைத்துக்கொண்டு படியேறிவிடுவார்கள். அதே குடத்தைக் கைகளை நீட்டி ஏந்தி நாலு படி ஏறச் சொன்னால் யாராலும் ஆகாது. குடத்தின் எடை மாறவில்லை, உடம்பிலிருந்து அது இருக்கும் தூரம்தான் மாறிற்று.

முதுகுத்தண்டின் எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுக்கு (டிஸ்க்) பின்னால் ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில் முதுகுத் தசைகள் இருக்கின்றன. வட்டுக்கு முன்னால் 50 செ.மீ. தள்ளி 10 கிலோ பெட்டியைப் பிடித்தால், அதற்கு ஈடுகொடுக்க அந்தத் தசைகள் பத்து மடங்கு, அதாவது 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. குனிந்திருக்கும் மேலுடம்பின் பாரம் இதில் சேரவில்லை. பெட்டியை 25 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் அது பாதியாகிவிடும். முன்சொன்ன நிறுவனம் 1991-ல் திருத்தி வெளியிட்ட கணக்கின்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ; கணுக்காலிலிருந்து 50 செ.மீ. தள்ளியிருந்தால் அது பதினொன்றரைக் கிலோ, 63 செ.மீ.க்கு அப்பால் எந்த எடையையும் அது அனுமதிப்பதில்லை.

இப்போது உங்கள் வண்டியை நினைத்துப் பாருங்கள். பின்கதவைத் திறந்து, தொடையைத் தளத்தின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, உள்ளே தலையை நீட்டி, மூலையிலிருக்கும் பெட்டியை விரல்நுனியால் பற்றி இழுக்கிறீர்கள் அல்லவா? அங்கேதான் 63 செ.மீ. தாண்டிவிடுகிறது. இதற்கு இரண்டு வேலைகள் செய்யலாம். முதலாவது, ஏற்றும்போதே வரிசையைத் தலைகீழாக வைப்பது: அம்பாசமுத்திரத்துப் பெட்டிகள் உள்ளே, பத்தமடைப் பெட்டிகள் கதவோரம். கிடங்கில் பத்து நிமிடம் கூடுதலாகும், மேற்பார்வையாளர் முணுமுணுப்பார். அந்தப் பத்து நிமிடத்தை வழியில் தேடும் நேரத்தில் மீட்டுவிடலாம். இரண்டாவது, உள்ளே வைக்கும் கனமான பெட்டிகளுக்கு அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் சாக்கை விரித்து, அதன் ஓரம் கதவுவரை எட்டும்படி விட்டுவிடுவது. சாக்கை இழுத்தால் பெட்டி வழுக்கிக்கொண்டு விளிம்புக்கு வந்துவிடும். பிறகு அதை நெஞ்சோடு அணைத்து எடுக்கலாம். பெட்டியைப் பிடிக்கையில் ஒரு கை தூரத்துக் கீழ்மூலையிலும் மறு கை அருகிலுள்ள மேல்மூலையிலும் இருக்கட்டும்.

"முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு" என்ற அறிவுரையை எல்லாரும் கேட்டிருப்போம். முழங்கால்களுக்கு நடுவே அடங்கும் சின்னப் பெட்டிக்கு அது பொருந்தும். அகலமான பெட்டி என்றால், மடக்கிய முழங்காலே பெட்டியை இன்னும் முன்னால் தள்ளிவிடும். அத்தகைய பெட்டியைத் தரையில் வைக்காமலிருப்பதே நல்லது. கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்து வீடுகளில் இதற்கென்றே அமைந்ததுபோல் திண்ணை இருக்கிறது. வாசற்படியில் குனிந்து வைப்பதற்குப் பதில் அதில் வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். திண்ணையில்லாத வீடுகளில் ஒரு முக்காலி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அரிசி மூட்டை தனிக்கதை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டலங்களுக்குச் சரக்கு சேவை வரி வந்த பிறகு, 26 கிலோ மூட்டைகள் கடைகளில் பெருகிவிட்டன. அது மேற்சொன்ன 23 கிலோ வரம்புக்கு மேல் என்பதால், ஆள் துணையோ ட்ராலியோ இல்லாமல் தொட வேண்டாம். ட்ராலியை இழுப்பதைவிடத் தள்ளுவது இடுப்புக்கு இதம். பெருமாள்புரம் போன்ற இடங்களில் லிஃப்ட் இல்லாத மாடிவீடு என்றால், கீழேயே ஒப்படைக்க முடியுமா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் பெட்டியோடு இடுப்பை மட்டும் முறுக்கித் திரும்பாமல், பாதங்களை எடுத்துவைத்துத் திரும்புங்கள். வண்டியிலிருந்து குதிக்காமல், கைப்பிடியைப் பற்றி இறங்குங்கள்.

ஓட்டும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அரைமணி, ஒருமணி நேரம் வளைந்து உட்கார்ந்தபின் முதுகின் தசைநார்கள் தளர்ந்திருக்கும். அவை மீளுமுன் தூக்கினால் பாரமெல்லாம் வட்டின்மேல் விழும். ஆகவே நீண்ட ஓட்டத்துக்குப் பின் வண்டியை நிறுத்தியதும் உடனே பின்கதவைத் திறக்காமல், இடுப்பில் கைவைத்துப் பின்னோக்கி நாலைந்து முறை வளைந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பிறகு தூக்குங்கள். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் இருந்தால் அது இடுப்பைச் சாய்த்தே வைத்திருக்கும், முன்பாக்கெட்டுக்கு மாற்றிவிடுங்கள். இரவில் நீர் ஏறிப் பருத்திருக்கும் வட்டு, எழுந்த முதல் ஒருமணி நேரத்தில் குனிவதை எளிதில் தாங்காது என்பதால், எழுந்த கையோடு கிடங்கிற்கு ஓடி மூட்டை தூக்குவதைத் தவிர்க்கப் பாருங்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் கால்மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரும், இடையிடையே உப்பிட்ட நீர்மோரும் குடியுங்கள். நீர் வற்றிய தசை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

வலி வந்த நாளில் பாயைவிட்டு எழாமல் கிடப்பதும் கூடாது. முடிந்த அளவு நடமாடிக்கொண்டிருந்தால் சாதாரண இடுப்பு வலி சில வாரங்களில் அடங்கும். உங்களுக்கு ஆறு மாதமாகிவிட்டதால், இந்த மாற்றங்களோடு ஒருமுறை இயன்முறை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கி, பாதம் மரத்துப்போனால் தள்ளிப்போட வேண்டாம். பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபட்டாலோ, இருக்கையில் படும் இடம் உணர்ச்சியற்றுப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, வண்டியை ஓரங்கட்டிவிட்டு மீதிப் பார்சல்களை வேறொருவரிடம் ஒப்படைத்து, அந்த மணி நேரத்திலேயே பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேருங்கள்.