கேள்வி–பதில்: முகவரி மாறும் தோழிகள்

கேள்வி: கலை, நட்பு, பெருநகர வாழ்க்கை மூன்றையும் ஒருங்கே பேசும் சுயாதீனத் திரைப்படம் ஒன்றைப் பரிந்துரைப்பீர்களா?

பதில்: நோவா பாம்பாக் இயக்கி, நாயகியாக நடித்த கிரெட்டா கெர்விக்குடன் சேர்ந்து எழுதிய ‘பிரான்சஸ் ஹா’ (2012) படத்தைப் பாருங்கள். நியூயார்க்கில் நடனக் குழுவொன்றில் பயிற்சி நிலையிலேயே தேங்கி நிற்கும் 27 வயதுப் பெண்ணின் கதை இது. உடன் தங்கியிருக்கும் தோழி சோஃபிக்காகவே காதலனுடன் குடியேற மறுத்தவள் அவள். அந்தத் தோழியோ, தான் விரும்பிய டிரைபெக்கா பகுதியில் வீடு அமைந்ததும் அங்கே போய்விடுகிறாள். இருவரில் எவரையும் குற்றவாளியாக்காமல், வாடகையும் வருமானமும் நட்பை மெல்லப் பிரிக்கும் விதத்தைக் காட்டுவதுதான் படத்தின் பலம் என்பேன். நாயகி மாறி மாறித் தங்கும் இடங்களின் முகவரிகளே அத்தியாயத் தலைப்புகளாக வருவதால், ஒரு நகரத்தில் நிலையான இருப்பிடம் இல்லாதவரின் அலைச்சலை வசனமின்றியே உணர்கிறோம். புகைப்படக் கேமராவில் டிஜிட்டலாகப் பதிவுசெய்த கறுப்பு வெள்ளைக் காட்சிகள் சிறிய செலவில் எடுத்த சுவடே தெரியாதபடி அமைந்துள்ளன. பாரிஸ் பயணப் பகுதி சற்றுத் துண்டாக நிற்கிறது. எனினும், முதலில் அவமானமாகத் தோன்றி மறுத்த அலுவலக வேலையைப் பின்னர் ஏற்றுக்கொண்டே அவள் நடனம் அமைக்கத் தொடங்குவதை, தோல்வியாகவோ சமரசமாகவோ சித்திரிக்காத நிதானம் கலைத்துறை சார்ந்த படங்களில் அபூர்வம்.