எதிரி நாட்டுச் சாதாரண ஜனங்கள் மேல் இரக்கம் காட்டச் சொல்லி யூத மதத்தில் ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லோரையும் அழி என்பதுதானா?

காஸா வீடியோ ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு வந்திருக்கும் பதில்களில் பாதி, ஒரு யூதர் வீட்டுப் படி ஏறாதவர்கள் எழுதியது. நான் வேத பண்டிதை இல்லை. ஐந்து வருஷம் இஸ்ரேலில் ஒரு பெரியவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, டயப்பர் மாற்றியவள். "இஸ்ரேலுக்கு ஜால்ரா" என்று ஒரு கூட்டமும், "கர்த்தருடைய ஜனத்தைக் குறை சொல்ல நீ யார்" என்று இன்னொரு கூட்டமும் திட்டும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. அதற்கு நேர் எதிரானதும் அதே புத்தகத்தில் இருக்கிறது.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம். நர்சிங் முடித்து 2011இல் கேர்கிவர் விசாவில் போனேன். டெல் அவிவை ஒட்டின ராமத் கானில் வேலை. நான் பார்த்துக்கொண்டவரை சபா என்று கூப்பிடுவேன், ஹீப்ருவில் தாத்தா. ருமேனியாவில் பிறந்தவர். 1941இல் பதின்மூன்று வயதில், யூதர்களை நாடு கடத்தி அடைத்த திரான்ஸ்னிஸ்திரியா என்ற பகுதிக்குக் குடும்பத்தோடு விரட்டப்பட்டவர். கூடப் போன தங்கை திரும்பி வரவில்லை.

2014 ஏப்ரல், பெசாக் பண்டிகை. நம் பைபிளில் பஸ்கா. அன்று ராத்திரி மேசையைச் சுற்றி உட்கார்ந்து எகிப்திலிருந்து விடுதலையான கதையை வாசிப்பார்கள். எகிப்து மேல் கடவுள் அனுப்பின பத்து வாதைகள் வரும் இடத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒயினில் சுண்டுவிரலை முக்கித் தட்டில் ஒரு சொட்டு விட வேண்டும். ரத்தம், சொட்டு. தவளை, சொட்டு. பேன், சொட்டு. எனக்கும் ஒரு கிளாஸ் வைத்திருந்தார்கள். (கடும் ஆசாரக்காரர் வீடாக இருந்தால் யூதரல்லாத நான் தொட்ட ஒயினைத் தொட யோசிப்பார்கள். இவர்கள் அப்படி இல்லை.) பத்தாவது, தலைச்சன் பிள்ளைகள் சாவு. அதையும் சொட்டிவிட்டு, குழம்பு ருசி பார்க்கிற பழக்கத்தில் விரலை வாயில் வைத்துவிட்டேன்.

சபா மேசையைத் தட்டினார். "நக்காதே! அவன் பிள்ளை செத்ததை ருசி பார்ப்பியா?"

மருமகள் பேப்பர் நாப்கினை நீட்டினாள். எனக்கு உயிரே போய்விட்டது.

நாம் விடுதலையானது சந்தோஷம்தான், ஆனால் அதற்காக எகிப்துக்காரன் செத்திருக்கிறான், அதனால் கிண்ணம் நிறையக் குடிக்கக் கூடாது, பத்துச் சொட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது சபா சொன்ன விளக்கம். மகன் விடவில்லை. "அப்பா, அது பிற்காலத்தில் சொன்ன அர்த்தம். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் மஹரில் என்ற ரபி, அதாவது யூத மதகுரு, இந்த வாதையெல்லாம் நம்மை விட்டு எதிரி தலையில் விழட்டும் என்றுதானே காரணம் சொன்னார்?" என்றார். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் வாக்குவாதம். அடுப்பில் சூப் சுண்டியது. உங்கள் கேள்விக்கு அந்தச் சண்டையை விட நல்ல பதில் என்னிடம் இல்லை.

சபா தல்மூத் கதை ஒன்றும் சொன்னார். தல்மூத் என்பது ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த பழைய நூல். செங்கடலில் எகிப்தியர் மூழ்கியபோது தேவதூதர்கள் பாடக் கிளம்பினார்களாம். "என் கை படைத்தவர்கள் கடலில் மூழ்குகிறார்கள், உங்களுக்குப் பாட்டா?" என்று கடவுள் தடுத்தாராம். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதின மதச் சட்டத்தில், ஒரு ஊரை முற்றுகையிட்டால் மூன்று பக்கம்தான் சூழ வேண்டும், ஓடித் தப்பிக்க நினைப்பவனுக்கு நான்காவது பக்கத்தைத் திறந்து விட வேண்டும் என்று இருக்கிறது. யூதப் புத்தாண்டில் எக்காளம் ஊதுகிறார்களே, அந்தத் தேம்பல் ஓசை எப்படி இருக்க வேண்டும் என்று தல்மூத் விவாதிக்கிறது. அளவுகோலாக எடுத்துக்கொண்டது யாருடைய அழுகை தெரியுமா? பைபிளில் நியாயாதிபதிகள் 5இல் வருகிற சிசெராவின் அம்மா. எதிரிப் படைத்தலைவனின் தாய்! ஜன்னல் வழியாக மகனை எதிர்பார்த்து அழுதவள்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பொய்க்காரி. பைபிளில் உபாகமம் 20ஐ எடுங்கள். 19ஆம் வசனம் முற்றுகையில் கனிமரத்தை வெட்டாதே என்கிறது. மூன்று வசனம் மேலே, குறிப்பிட்ட சில ஜாதிகளின் பட்டணங்களில் சுவாசமுள்ள ஒன்றையும் உயிரோடு வைக்காதே என்று இருக்கிறது. அமலேக்கியர் என்ற ஜாதியையே குழந்தைகள் உட்பட அழி என்கிற கதை வேறு. 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்றபிறகு நெதன்யாகு எடுத்துச் சொன்னது சிசெராவின் அம்மாவை இல்லை, அமலேக்கைத்தான். எங்கள் ஊரில் ஒரு போதகரும் அதே பகுதியை எடுத்துக் கையை ஓங்கி ஓங்கிப் பிரசங்கித்தார். போரைக் கண்ணால் பார்க்காதவர்.

இஸ்ரேல் நாட்டுச் சட்டத்திலும் இப்படித்தான். 1956 அக்டோபர் 29இல் இஸ்ரேலுக்குள் இருக்கும் கஃப்ர் காசிம் என்ற அரபுக் கிராமத்தில், ஊரடங்கு நேரத்தை முன்னால் தள்ளியது தெரியாமல் வேலை முடிந்து திரும்பினவர்களை எல்லைப் போலீஸ் சுட்டது. குழந்தைகளையும் சேர்த்து 49 பேர். பச்சையாகச் சட்டவிரோதமான உத்தரவின் மேல் கருப்புக் கொடி பறக்கும், அதற்குக் கீழ்ப்படியக் கூடாது என்று நீதிபதி எழுதினார். இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். தண்டனை பெற்றவர்கள் 1960க்குள் வெளியே. மேலதிகாரிக்கு அபராதம் பத்துப் புரூட்டா, சல்லிக்காசு.

நடுவில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். "புண்ணிய பூமியில் வேலை, கொடுத்து வைத்தவள்" என்று சொந்தக்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். ஏஜென்ட்டுக்கு ஏழு லட்சம் கட்டினேன், ரசீது கிடையாது. முதல் பதினாலு மாசச் சம்பளம் வட்டிக்கே போனது. எருசலேமைப் பார்க்கவே இரண்டு வருஷம் ஆனது. அந்தப் பணத்தைப் பற்றி எந்தப் போதகரும் பிரசங்கிக்கவில்லை. சரி, விடுங்கள்.

2014 ஜூலையில் காஸாவோடு போர் வந்தது. சைரன் அடித்தால் எங்களுக்கு ஒன்றரை நிமிஷம். பழைய கட்டடம், பாதுகாப்பு அறை இல்லை, மாடிப்படியில்தான் நிற்க வேண்டும். வாக்கரோடு சபாவை இழுத்துக்கொண்டு போவதற்குள் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஒரு நாள் படியில் பக்கத்து வீட்டுப் பையன் போனில் காஸாவில் ஒரு கட்டடம் சரிவதைக் காட்டி விசில் அடித்தான். சபா என் காதில், "விரலை நக்குறான்" என்றார்.

இதோடு முடித்தால் நன்றாக இருக்கும், இல்லையா? 16ஆம் தேதி காஸா கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த நாலு பையன்கள் குண்டுபட்டுச் செத்தார்கள். மறுநாள் ராத்திரி தரைப்படை உள்ளே போனது, சபாவின் பேரனும் போனான். இரண்டு நாள் கழித்து டிவியில் குழந்தைகளைக் காட்டியபோது, "சபா, இதுக்கு எத்தனை சொட்டு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. ரிமோட்டை எடுத்து அணைத்தார். "என் பேரன் உள்ளே இருக்கான். அவன் வர்ற வரைக்கும் என்கிட்ட இதைக் கேட்காதே" என்றார். ராத்திரி சாப்பிடவில்லை. அந்த ஐம்பது நாளில் 2,251 பாலஸ்தீனர்கள், அதில் 551 குழந்தைகள் என்று ஐ.நா. விசாரணைக்குழு பிறகு கணக்குச் சொன்னது.

பேரன் திரும்பி வந்தான். அடுத்த வருஷப் பெசாக்குக்கு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். வாதைகளின் பெயரை வாசித்தபோது எல்லோரும் விரலை முக்கினோம். அவன் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்திருந்தான். சபா பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.