பூட்டிய கதவில் தொடங்குங்கள்

கேள்வி: சர்வதேசப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். 'அமெரிக்காவின் முற்போக்குச் சீர்திருத்தக் காலம்' (ஏறத்தாழ 1890-களிலிருந்து 1920 வரை) என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். எங்கே தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, செம்பூர், மும்பை

பதில்: முதல் வருடம் நானும் அரசியல் சாசனத் திருத்தங்கள் 16 முதல் 19 வரை கரும்பலகை நிறைய எழுதிப் போட்டேன். வருமான வரி, செனட்டருக்கு நேரடித் தேர்தல், மதுவிலக்கு, பெண்களுக்கு ஓட்டு. மணி அடித்ததுதான் அவர்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

எனக்கு வழி காட்டியது தாராவியிலிருந்து வந்த ஒரு மாணவி. ஒருநாள் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன்: 1911 மார்ச் 25, சனிக்கிழமை சாயங்காலம், நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற தையல் ஆலையில் வேலை முடிகிற நேரம். எட்டாவது மாடியில் தீ. பத்தாவது மாடிக்கு போனில் சொல்லிவிட்டார்கள். முதலாளிகள் மொட்டைமாடி வழியாகத் தப்பினார்கள். ஒன்பதாவது மாடிக்குத் தகவலே இல்லை. அங்கே ஒரு கதவு பூட்டியிருந்தது.

"ஏன் பூட்டினார்கள்?" என்றேன். அந்தப் பெண் சட்டென்று சொன்னாள்: "பையைச் சோதிக்கணும்ல மிஸ். எல்லாரும் ஒரே கதவுல போனாத்தானே முடியும்?" அவள் அப்பா ஒரு கார்கானாவில், அதாவது சின்னத் தையல் பட்டறையில், கட்டிங் மாஸ்டர், மேலே ஏற ஒரே ஓர் இரும்பு ஏணி. நியூயார்க்கிலும் துணி திருட்டுப் போகும் என்ற பயம்தான்.

146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், பிழைக்க வந்த யூதர்கள், இத்தாலியர்கள். தீயணைப்பு ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. முதலாளிகள் இருவரையும் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "அப்புறம்?" என்று யாராவது கேட்கட்டும். விசாரணைக் கமிஷன், தொழிற்சாலைச் சட்டங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். அன்று தெருவில் நின்று அந்தத் தீயைப் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் 1933-இல் தொழிலாளர் துறை அமைச்சரானார், அமெரிக்க அமைச்சரவையில் முதல் பெண்.

1906-இன் உணவு, மருந்துச் சட்டத்துக்கு ஒரு வகுப்பு போதும். எண்ணெய் வியாபாரத்தில் ஏகபோகமாக இருந்த ஸ்டாண்டர்ட் ஆயிலை 34 கம்பெனிகளாக உடைத்த கதையை வேகமாகக் கடக்கலாம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை விட்டுவிடாதீர்கள்: 1916-இல் வந்தது, 1918-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 'முற்போக்கு' என்ற பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அதே காலத்து ஜனாதிபதி வில்சன் ஆட்சியில்தான் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்கார வைத்தார்கள். அதையும் சொன்னால்தான் பாடம் பாடமாக இருக்கும், இல்லாவிட்டால் வாழ்த்துரைதான்.

வீட்டுப்பாடமாக, அவரவர் கட்டடத்தில் எத்தனை வழி, எது பூட்டியிருக்கிறது என்று எண்ணி வரச் சொன்னேன். ஒரு குறும்புக்காரன் வீட்டை விட்டுவிட்டுப் பள்ளியை எண்ணினான். பின்பக்கப் படிக்கட்டில் பூட்டு. சாவி எங்கே என்று வாட்ச்மேனுக்கே தெரியவில்லை. பிரின்சிபாலிடம் பிள்ளைகளே போய்ச் சொன்னார்கள்; நான் வாசலில் நின்றுகொண்டேன்.