ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் மகள்: ஓர் அப்பாவுக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் தெரிகின்றன. மகள் எம்.ஏ. தமிழ் முடிக்கப் போகிறாள். பி.எட். சேர்ந்து டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதச் சொன்னால் பிஎச்.டி. என்கிறாள். அந்த நான்கைந்து வருடச் செலவை யார் பார்ப்பது என்பது முதல் கவலை. புதுச்சேரியில் கோடைப் பயிலரங்கம், வெளிநாட்டு ஃபெலோஷிப் என்று அவள் சொல்வதெல்லாம் அரசுக் கல்லூரியில் படித்த பெண்ணுக்குக் கிடைக்குமா என்பது இரண்டாவது. முதலாவதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதைத்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் நிலையில் தேறி பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை ஆய்வாளர் ஆனதும் 42,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் இதுதான் தொகை. மொத்தம் ஐந்து வருடம் வரை கிடைக்கும். ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு உண்டு. ஆகவே இந்த முறை தவறினால் எல்லாம் போயிற்று என்று வீட்டில் யாரும் பதற வேண்டாம். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்குத் தனியாகத் தேசிய உதவித்தொகைகள் இருக்கின்றன. தமிழக அரசும் முதலமைச்சர் பெயரில் ஓர் ஆராய்ச்சி உதவித்தொகையைத் தொடங்கியிருக்கிறது.

தமிழ்த்துறைப் பிள்ளைகள் நெட்டில் சறுக்கும் இடம் பெரும்பாலும் முதல் தாள்தான். இரண்டாம் தாள் தமிழில் வரும், 100 கேள்விகள். அதற்கு உயிரைக் கொடுத்துப் படிப்பார்கள். கற்பித்தல் திறன், தருக்கம், புள்ளிவிவர அட்டவணை என்று 50 கேள்விகள் கொண்ட முதல் தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வரும். அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். இரண்டு தாளின் மதிப்பெண்ணும் சேர்த்துத்தான் கணக்கு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. தினமும் ஒரு மணி நேரத்தை முதல் தாளுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தேறியவுடன் பணம் வந்துவிடாது. சேர்க்கை ஆணை, நெறியாளர் கையொப்பம், பல்கலைக்கழகச் சரிபார்ப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் முதல் தொகை நிலுவையோடு சேர்ந்து வரும். சில பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அரை வருடச் செலவுக்காவது கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவாக நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அது.

இனி இரண்டாவது கவலை. அரசுக் கல்லூரிப் பெண்ணுக்குக் கிடைக்குமா? கிடைக்கும். தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் கல்லூரிப் பெயரைப் பார்க்கவே மாட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், பார்ப்பார்கள். ஆனால் பெயர்பெற்ற கல்லூரியிலிருந்து வந்த மேம்போக்கான ஆய்வுத் திட்டத்தையும் சிறிய ஊரிலிருந்து வந்த கூர்மையான திட்டத்தையும் அருகருகே வைத்தால் இரண்டாவதுதான் கையில் நிற்கும். எது கூர்மை என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். உங்கள் மகள் எழுதி அனுப்பிய ஒரு பக்க ஆய்வுத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

தலைப்பு, ‘இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புதினங்களில் பெண்கள்’. இதற்கு யாரும் பணம் தர மாட்டார்கள். நூறு வருடம், ஆயிரக்கணக்கான நாவல்கள். எதைப் படிப்பாள், எதை விடுவாள், என்ன கேட்கிறாள் என்பது தெரியவில்லை. ஆனால் அதே பக்கத்தின் கடைசிப் பத்தியில், வை.மு. கோதைநாயகி அம்மாளின் நாவல்கள் ‘ஜகன்மோகினி’ இதழில் தொடராக வந்தவை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாள். என்னைப் பொறுத்தவரை ஆய்வு அந்த வரியில்தான் இருக்கிறது. 1925-இல் அந்த இதழை ஏற்று நடத்தத் தொடங்கியவர் அவர். எழுதுபவரும் அவரே, இதழை நடத்துபவரும் அவரே. அடுத்த மாதமும் வாசகர் வாங்க வேண்டும் என்ற நெருக்கடி கதையை எங்கெங்கே வெட்டியது? அதே கதை நூலாக வந்தபோது எதை மாற்றினார், எதை அப்படியே விட்டார்? ஒரு நாவல், அதன் தொடர் வடிவம், நூல் வடிவம் என்று பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட முடிந்தால் அது ஆராய்ச்சி. எங்கே போய் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தானே தெரிந்துவிடும்.

அந்த இதழ்களும் நூல்களும் எங்கே இருக்கின்றன என்பதைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் அதன் அடித்தளம். முதலில் அங்கே போய், எந்த ஆண்டு இதழ்கள் இருக்கின்றன, எவை இல்லை என்று குறித்துக்கொண்டு வரட்டும். கன்னிமாரா நூலகத்திலும் எழும்பூரில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்திலும் தேடட்டும். ஆவணக் காப்பகத்துக்குத் துறைத்தலைவரின் கடிதத்தோடு போவது நல்லது. ‘1926 முதல் 1931 வரையான இதழ்களைப் பார்த்தேன், நடுவில் இந்த இதழ்கள் கிடைக்கவில்லை’ என்ற ஒரு வரி, நான்கு பத்தி முன்னுரையை விடக் கனமானது. விண்ணப்பிப்பவர் வேலையை ஏற்கெனவே தொடங்கிவிட்டார் என்பதற்கு அதுவே சாட்சி. (ஆண்டுகளை உதாரணத்துக்குச் சொன்னேன், அவள் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும்.)

வெளிநாட்டுக்கும் இதே கணக்குதான். ‘லண்டன் போய் ஆராய வேண்டும்’ என்றால் போதாது. சென்னையில் இல்லாத எது அங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் அச்சான நூல்களைப் பதிவு செய்து காலாண்டுப் பட்டியல்கள் வெளியிட்டார்கள். ஒரு நூல் எத்தனை பிரதி, என்ன விலை என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தப் பட்டியல்கள் உண்டு. இங்கே கிடைக்காத பகுதி அங்கே கிடைக்கிறது என்று காட்ட முடிந்தால் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்டுக்கு எழுதலாம். இந்தியாவில் வாழும் இந்தியர்கள் கலை, மரபு, இலக்கியம் வரலாறு போன்ற மானுடப் புலங்களில் பிரிட்டனில் குறுகிய காலம் வேலை செய்ய உதவும் அறக்கட்டளை அது. ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு ஃபெலோஷிப் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தங்கிப் பணியாற்ற உதவும். ஆனால் இங்கே பிஎச்.டி.க்குப் பதிவு செய்து ஓரளவு வேலை முடித்தவர்களுக்குத்தான் அது. எனவே இப்போது அதைப் பற்றிக் கனவு காணலாம், விண்ணப்பம் பிறகு.

கோடைப் பயிலரங்கங்களைப் பெற்றோர்கள் சுற்றுலா என்று நினைப்பதுண்டு. அப்படியல்ல. புதுச்சேரியில் இ.எஃப்.இ.ஓ. என்ற பிரெஞ்சுக் கீழைத்தேய ஆய்வுப் பள்ளியின் மையம் செவ்வியல் தமிழுக்குக் கோடைக் கருத்தரங்கு நடத்தி வந்திருக்கிறது. பழைய பாட்டையும் உரையையும் வரி வரியாக வைத்து, பல நாட்டு ஆய்வாளர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள். நம் பிள்ளைக்குத் தமிழ் தெரியும். ‘சுவடிக்குச் சுவடி சொல் மாறும் இந்த இடத்தில் இந்தப் பாடம் ஏன்’ என்று எதிரில் இருப்பவர் கேட்கும்போது ஆதாரத்தோடு பதில் சொல்லும் பழக்கம் அங்கேதான் வரும். அச்சு வரலாறுதான் ஆய்வுப் பொருள் என்றால் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும், பழைய நூல்களைப் பற்றிக் கற்பிக்கும் ரேர் புக் ஸ்கூல் இன்னும் பொருத்தம். ஒரு வாரப் பாடத்துக்கே ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம்; உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பயணச் செலவையும் பார்க்க வேண்டும். கடன் வாங்கிக்கொண்டு போகச் சொல்ல மாட்டேன். புதுச்சேரி பக்கத்தில் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கட்டும்.

பயிலரங்கத்துக்கு எழுதும் விருப்பக் கடிதத்தில் ‘சிறு வயது முதலே எனக்குத் தமிழ் மீது பற்று’ என்று ஆரம்பிக்க வேண்டாம். ‘இன்ன நூலைப் படித்து வருகிறேன், இந்த இடத்தில் சிக்கிக்கொண்டேன், இந்தப் பயிற்சி கிடைத்தால் இதைத் தாண்டுவேன்’ என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் நிறைய நல்ல விண்ணப்பங்கள் விழுகின்றன. ‘இவர் நல்ல ஒழுக்கமும் பணிவும் உடையவர்’ என்ற நன்னடத்தைச் சான்றிதழ் ஆய்வுக்குழுவுக்கு எதையும் சொல்லாது. பேராசிரியர் மேல் குறை இல்லை, வேலைப்பளு அப்படி. ‘நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்பார். அதை ஒத்துக்கொள்ளக் கூடாது. நேர்மையில்லை என்பது ஒருபுறம், வெளிநாட்டு விண்ணப்பங்களில் இணைப்பு நேரடியாகப் பேராசிரியரின் மின்னஞ்சலுக்குத்தான் போகும் என்பது மறுபுறம். ஒரு மாதம் முன்பே போய்ப் பார்த்து, ஆய்வுத் திட்டம், அவரிடம் எழுதிய கட்டுரை, கடைசித் தேதி மூன்றையும் ஒரே உறையில் கொடுத்து, ‘ஐயா, இந்தக் கட்டுரையைப் பற்றி இரண்டு வரி எழுதினால் உதவியாக இருக்கும்’ என்று கேட்கச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் மறுக்க மாட்டார்கள். எம்.ஏ. திட்டக்கட்டுரையை வழிநடத்தியவரிடமே கேட்க வேண்டும். பெரிய பதவியில் இருப்பவர், ஆனால் அவளைத் தெரியாதவர் என்றால் வேண்டாம்.

யாராவது ‘சர்வதேசக் கருத்தரங்கு, ஐயாயிரம் கட்டினால் சான்றிதழும் கட்டுரை வெளியீடும்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தொடவே வேண்டாம். அந்தச் சான்றிதழ்களை அடுக்கினால் தேர்வுக்குழுவிடம் அவள் மதிப்பு குறையத்தான் செய்யும்.

வரன் பார்க்கத் தொடங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது உங்கள் குடும்ப விஷயம், நான் நுழைய மாட்டேன். ஆனால் முதல் இரண்டு வருடம் நூலகத்திலும் களத்திலும் அலைய வேண்டிய காலம். தனியாகச் சென்னையில் தங்க வேண்டியிருக்கும். அதற்கு நீங்கள் மனதார ஒப்புக்கொள்ளாவிட்டால் எந்த உதவித்தொகை வந்தும் பயனில்லை. அவளிடம் இதை நேராகப் பேசிவிடுங்கள், அவள் அம்மாவும் உடனிருக்கட்டும்.

இந்த மாதமே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: பாஸ்போர்ட். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் ஓர் எழுத்தாக இருக்கும். பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் முழுதாக விரியும். ஆதாரில் வேறொரு விதமாக இருக்கும். பின்னால் விசா, வங்கி, விமானச்சீட்டு எல்லாவற்றிலும் இது இடிக்கும். மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் ஆதாரை முதலில் திருத்திவிடுங்கள். அதற்குள் அவள் தரமணிக்குப் போய்வந்து, கிடைத்த இதழ்களின் பட்டியலோடு அந்த ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதி அனுப்பட்டும். படித்துவிட்டு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று சொல்கிறேன்.