சூடான் வாளின் வயதை எங்கே தேடுவது?

கேள்வி: அப்பா 1970களில் கார்ட்டூமில் வேலை பார்த்தபோது வாங்கிய வாள் ஒன்று வீட்டில் இருக்கிறது. நேரான அலகு, இரண்டு பக்கமும் கூர், சிலுவை மாதிரி குறுக்குக் காப்பு, தோல் உறை. அலகில் முகத்தோடு கூடிய இரண்டு பிறை நிலா. 'ஜெர்மன் இரும்பு, 300 வருஷம் பழசு' என்று விற்றவர் சொன்னாராம். நம்பலாமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

உங்களிடம் இருப்பது கஸ்கரா. சூடானிலும் அதை ஒட்டிய சாட், எரித்ரியா பகுதிகளிலும் தோளில் தொங்கவிட்டுக்கொள்ளும் வாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிடியின் முனையில் உலோகக் குமிழ் இல்லை, தோல் சுற்றிய தட்டை வட்டுதான் இருக்கிறது. உறையும் நுனிக்குச் சற்று மேலே அகலமாகிறது. சஹாராவின் துவாரெக் மக்கள் வைத்திருக்கும் தகூபா என்றால் உலோகக் குமிழ் இருக்கும், நுனியும் வட்டமாக முடியும்.

வயது விஷயத்தில்தான் பிறை நிலா பலரையும் ஏமாற்றுகிறது. ஜெர்மனியின் சோலிங்கன் போன்ற ஐரோப்பிய ஊர்களின் அலகுகள் 19ஆம் நூற்றாண்டில் நிறையவே சூடானுக்குப் போயின. அவற்றில் இருந்த முத்திரைகளுக்கு மதிப்பு இருந்ததால் உள்ளூர்க் கொல்லர்களும் அதே பிறையைத் தங்கள் அலகுகளில் போட்டார்கள். வாங்குபவருக்கு அது நல்ல வாளின் அடையாளம். ஆகவே பிறை இருப்பதை விட்டுவிட்டு, அது எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பிறையும் ஒரே அச்சில் விழுந்தவை அல்ல. ஒன்றில் மூக்கு நீண்டிருக்கிறது. இன்னொன்றில் கண் வெறும் புள்ளி. கோடு முழுக்க உளியின் சின்னச் சின்ன வெட்டுகள். நடுவில் ஓடும் மூன்று பள்ளங்களும் ஒரே இடத்தில் முடியவில்லை, ஒன்று லேசாக நெளிகிறது. இறக்குமதி அலகில் பள்ளங்கள் பொதுவாக நூல் பிடித்தது போல நேராக ஓடும். என் கணிப்பில் இது உள்ளூர் அலகு. 300 வருஷக் கதையை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எவ்வளவு பழசு? வெர்னியர் காலிப்பர் கிடைத்தால் காப்பை ஒட்டிய இடத்திலும், நடுவிலும், நுனிக்கு நாலு விரல் முன்னாலும் கனத்தை அளந்து பாருங்கள். உலையில் பொறுமையாக அடித்த அலகு நுனி நோக்கி மெலியும். மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே கனம் என்றால், லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து வெட்டியதாக இருக்க நல்ல வாய்ப்பு. கிழக்குச் சூடானின் கஸ்ஸலா ஊர்ப் பட்டறைகளில் அந்தப் பட்டையில் வாள் செய்வது வழக்கம். அப்போது இது 20ஆம் நூற்றாண்டு வேலை.

ஆனால் காப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. அலகின் மேல் இறங்கும் நாக்கில் இரும்பை இணைத்த தையல் தெரிகிறது, விளிம்புகள் கைபட்டு மழுங்கியிருக்கின்றன, அலகுக்கும் காப்புக்கும் நடுவில் இடைவெளியும் இருக்கிறது. இந்தக் காப்பு வேறு ஒரு வாளிலிருந்து வந்திருக்கலாம். சூடானில் அலகு போனால் பிடியையும், பிடி போனால் அலகையும் மாற்றிக்கொள்வார்கள். அதனால் அலகு, காப்பு, உறை மூன்றுக்கும் தனித்தனியாகத்தான் வயது சொல்ல வேண்டும்.

மஹ்தி என்ற மதத் தலைவர் சூடானில் நிறுவிய ஆட்சியைப் பிரிட்டிஷ்-எகிப்தியப் படை தோற்கடித்த ஓம்துர்மான் போர் நடந்தது 1898 செப்டம்பர் 2 அன்று. 'அந்தப் போரில் கிடைத்தது' என்று சொல்லி விற்கப்படும் கஸ்கராக்கள் ஏராளம். மஹ்தி ஆட்சியோடு தொடர்புபடுத்தப்படுபவற்றில் அலகு முழுக்க அமிலத்தால் அரித்து அரபு எழுத்து பொறித்த ஒரு வகை உண்டு. உங்கள் வாளில் எழுத்தே இல்லை.

ஒரு வேண்டுகோள். புளி, எலுமிச்சை, உப்புத்தாள் எதையும் அலகில் தேய்க்காதீர்கள். நான் மேலே சொன்ன தடயங்கள்தான் முதலில் அழியும். தளர்ந்த துருவை மென்மையான துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் லேசாகப் பூசுங்கள், போதும். மழைக்காலத்தில் அலகை உறைக்குள் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடியின் தோலை அவிழ்த்துப் பார்க்கும் ஆசை வரும், அதுவும் வேண்டாம்.

கன அளவுகளோடு, காப்பின் இரண்டு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி படம் எடுத்து அனுப்புங்கள். காப்பின் வயதை அப்புறம் பார்ப்போம்.