பின்மாற்றத்திலிருந்து திரும்பி வர: போதகரிடம் கேள்வி பதில்

பின்மாற்றம் என்றால் விசுவாசத்தில் பின்வாங்கிப்போவது. அதைப் பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து எஸ்டேட், தாமான் (குடியிருப்புப் பகுதி) குடும்பங்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளும், மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் பதில்களும்.

செம்பனை ஆலையில் வேலை செய்யும் தம்பி: ஐயா, ஆண்டவரை நான் மறுதலிக்கவில்லை. ஷிப்ட் மாறிய பிறகு ஆலயத்துக்கு வர முடியவில்லை. இதையும் பின்மாற்றம் என்பீர்களா?

தம்பி, வேலையால் வராமல் இருப்பது பின்மாற்றம் ஆகாது. ஆனால் பின்மாற்றம் நுழைகிற வாசல் பெரும்பாலும் இதுதான். ஆபிரகாமின் சகோதரன் மகன் லோத்தைப் பாருங்கள். ஆதியாகமம் 13:12இல், பாவத்துக்குப் பேர்போன சோதோமுக்கு நேரே கூடாரம் போடுகிறார். 14:12இல் சோதோமிலேயே குடியிருக்கிறார். 19:1இல் அந்த ஊர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். "ஆபிரகாமின் தேவன் எனக்கு வேண்டாம்" என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை.

பெரும்பாலும் முதலில் போவது தனிஜெபம். பிறகு வேத வாசிப்பு, பிறகு வெள்ளிக்கிழமைக் கூட்டம், பிறகு திருவிருந்து. ஞாயிறு ஆராதனை கடைசியில்தான் போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் இடம் காலியாகும்போது விஷயம் பழசாகிவிட்டிருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை ஓய்வு என்றால், போன செவ்வாய் வேதத்தைத் திறந்தீர்களா? இல்லையென்றால் காரணம் ஷிப்ட் அல்ல. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு, அது எந்த நாள் என்பதை முதலாளி தீர்மானிக்கலாம். ஞாயிறுதான் கிடைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆகவே மாத ஷிப்ட் அட்டவணை கைக்கு வந்ததும் எந்தெந்த ஞாயிறு காலை காலியாக இருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். மற்ற வாரங்களுக்கு உங்கள் ஓய்வு நாளில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் பாருங்கள். இல்லையென்றால் எங்களிடம் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் வைப்போம்.

பல வருடங்களாக விலகியிருக்கும் அக்கா: திரும்பி வர ஆசைதான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அக்கா, எபேசு சபைக்கு ஆண்டவர் சொன்னதே வழி: "நீ இன்ன நிலைமையிலிருந்து விழுந்தாயென்பதை நினைத்து, மனந்திரும்பி, ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வாயாக" (வெளிப்படுத்தின விசேஷம் 2:5). இதில் உணர்ச்சி வரும்வரை காத்திரு என்று ஒரு வார்த்தை இல்லை.

நினைக்க வேண்டியது: எப்போது, எதனால் விலகினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். "சோர்ந்துபோனேன்" என்று பொதுவாக எழுதாதீர்கள். "சபையில் இன்னார் சொன்ன வார்த்தை", "கணவர் இறந்த பிறகு", "கடன் வாங்கிவிட்டு முகம் பார்க்க வெட்கம்" என்று எழுதுங்கள். காரணம் தெளிவில்லாமல் திரும்புகிறவர்கள் அதே இடத்தில் மறுபடி சறுக்குகிறார்கள்.

மனந்திரும்ப வேண்டியது: அந்தத் தாளை வைத்துக்கொண்டு சங்கீதம் 51ஐ வாய்விட்டு வாசியுங்கள். பிறகு ஒருவரிடம் சொல்லுங்கள். பெண்ணானால் பெண்ணிடம், ஆணானால் ஆணிடம், கேட்டதை லயம் (எஸ்டேட் வீட்டு வரிசை) முழுக்கப் பரப்பாத ஒருவரிடம். யாக்கோபு 5:16 இதைத்தான் கேட்கிறது. தனியாகத் திரும்ப முயலாதீர்கள். இன்னும் பலமுறை இதைச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது: காலையில் பத்து நிமிடம், தினம் ஒரு அதிகாரம், மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரம்தான். முதல் வாரத்திலேயே ஒரு மணி நேர ஜெபம், மூன்று நாள் உபவாசம் என்று தொடங்குகிறவர்கள் சீக்கிரம் களைத்து, "என்னால் முடியாது" என்று முன்னைவிடத் தூரமாகப் போய்விடுகிறார்கள். மாற்குவை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த மாற்கு பம்பிலியாவில் ஊழியத்தை விட்டு வீட்டுக்குத் திரும்பியவர் (அப்போஸ்தலர் 13:13, 15:38). பவுல் அவரை மறுபடி கூட்டிப்போக மறுத்தார். அதே பவுல் பின்னாளில், உடன் ஊழியனான தேமா தன்னை விட்டுப் போய்விட்டான் என்று 2 தீமோத்தேயு 4:10இல் எழுதிவிட்டு, அடுத்த வசனத்திலேயே மாற்குவை அழைத்து வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். போனவர் பெயரும் திரும்பி வந்தவர் பெயரும் அடுத்தடுத்த வசனங்களில் இருக்கின்றன.

யாருக்காவது பணம், பொருள், மன்னிப்பு கொடுக்க வேண்டியிருந்தால் அதையும் தீருங்கள். சகேயு செய்ததுபோல் (லூக்கா 19:8).

பெயர் வேண்டாம் என்றவர்: நான் பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவம் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

ஆண்டவரின் செயலைக் கண்ணால் பார்த்தும் அதைப் பிசாசின் வேலை என்று சாதித்தவர்களுக்கு, இந்தப் பாவம் மன்னிக்கப்படாது என்று மத்தேயு 12இல் இயேசு கொடுத்த எச்சரிப்பு அது. பயந்து கேட்கிறீர்களே, அந்தப் பயமே உங்கள் இருதயம் கடினப்படவில்லை என்பதற்கு அடையாளம். 1 யோவான் 1:9ஐ வாசியுங்கள்.

பிரதரன் சபைப் பெரியவர்: போதகரே, மறுபடி பிறந்தவன் விழுந்தே போக முடியாது. என் கையிலிருந்து ஒருவனும் பறித்துக்கொள்ள முடியாது என்று யோவான் 10:28 சொல்கிறது. இப்படி மக்களைப் பயமுறுத்தலாமா?

ஐயா, அந்த வசனத்தை முழுமனதோடு நம்புகிறேன். வேறொருவன் பறிக்க முடியாது. ஆனால் அதே யோவான் 15:6இல் நிலைத்திராத கொடி எறியப்படுகிறது. ருசிபார்த்த பிறகு விலகிப்போனவர்களை மறுபடி மனந்திரும்பச் செய்வது கூடாத காரியம் என்கிற எபிரெயர் 6:4-6 கற்பனை ஆட்களுக்கு எழுதப்பட்டதல்ல. எங்கள் மெதடிஸ்ட் 25 விசுவாச விதிகளில் (இவற்றில் 24ஐ 1784இல் ஜான் வெஸ்லி தொகுத்தார்), 12ஆம் விதி இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: கிருபை பெற்றவனும் விலகிப் பாவத்தில் விழக்கூடும், தேவகிருபையால் மறுபடி எழவும் கூடும்.

அதே பெரியவர்: அப்படியானால் எபிரெயர் 6இன்படி விழுந்தவன் திரும்பவே முடியாதே. நீங்களே கூட்டிவந்து உட்கார வைக்கிறீர்கள்!

நல்ல கேள்வி. சபை இதே கேள்வியில் ஒருமுறை உடைந்திருக்கிறது. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியு, எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டான். அந்தச் சான்றிதழ்கள் சில இன்றும் எகிப்திலிருந்து கிடைத்த பாப்பிரஸ் தாள்களில் இருக்கின்றன. கிறிஸ்தவர்கள் பலர் பலியிட்டார்கள். சிலர் காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். துன்பம் அடங்கியதும் இவர்கள் அழுதுகொண்டு திரும்பினார்கள். ரோமில் மூப்பர் நொவாத்தியன் "ஏற்கக் கூடாது" என்றார். கார்த்தேஜ் பேராயர் சிப்பிரியன், உடனே கதவைத் திறக்கவும் கூடாது, என்றைக்குமாக மூடவும் கூடாது, மனஸ்தாபம் காட்டச் செய்து ஏற்க வேண்டும் என்றார். சபை சிப்பிரியன் பக்கம் நின்றது. 325இல் நிசேயா பொதுச்சங்கம், கட்டாயமே இல்லாமல் மறுதலித்தவர்களுக்குக்கூட 12 வருடப் படிப்படியான மீட்பு வழி வைத்தது. சாகும் தறுவாயில் இருப்பவருக்குத் திருவிருந்தை மறுக்கக் கூடாது என்றும் சொன்னது.

ஆகவே எபிரெயர் 6, திரும்பி வருகிறவனுக்கு எதிராக அடைத்த கதவு அல்ல. திரும்ப மனமில்லாமலே போய்க்கொண்டிருக்கிறவனுக்கான எச்சரிப்பு. உங்கள் பக்கத்துக் கொள்கையை வகுத்த, நெதர்லாந்தில் கூடிய டார்ட் சபைச் சங்கமும் (1618-19), தாவீது பேதுரு போன்றவர்கள் பெரிதாக விழலாம், மனச்சாட்சியைக் காயப்படுத்தலாம், திரும்பும்வரை கிருபையின் உணர்வையே சில காலம் இழக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. நீங்களும் நானும் பின்மாற்றத்தில் இருப்பவனிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான், இன்றைக்கே திரும்பு. இதைத் தொடர வேண்டுமானால் தேநீர் நேரத்தில் பேசலாம் ஐயா. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஒரு மனைவி: கணவர் சம்சு (மலிவுச் சாராயம்) குடியில் விழுந்து சபையை விட்டார். இப்போது விட்டுவிடுகிறேன் என்கிறார். உபவாச ஜெபத்தில் உட்கார வைக்கலாமா?

அம்மா, இதைக் கவனமாகக் கேளுங்கள். தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல் வரலாம். இது உயிருக்கே ஆபத்து. பிசாசு பிடித்தது என்று நினைத்து ஆலயத்தில் கட்டிப்போடாதீர்கள். நிறுத்தும் முன்பே அரசு கிளினிக்குக்கு அழைத்துப்போய், தினம் எவ்வளவு குடிக்கிறார் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். இந்த நாட்களில் உபவாசம் வேண்டாம். நாங்கள் இருவர் கூட வருவோம், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஜெபிப்போம்.

குடித்த நேரம் காலியாகிவிடும், அதை நிரப்ப வேண்டும். லாலாங் புல்லை மேலே வெட்டிவிட்டு வேரை விட்டால் என்ன ஆகும் என்று எஸ்டேட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். வேலை முடிந்து கடைப்பக்கம் போகிற அந்த மாலை நேரத்துக்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். சம்பள நாளன்று தவறவே கூடாது.

நம்பர் எடுக்கும் பழக்கமுள்ளவர்: நாலு நம்பர் லாட்டரி எடுப்பதும் பின்மாற்றமா?

ஞாயிறு காலை பிரசங்க நேரத்தில் மனம் நேற்றைய முடிவில் இருந்தால், பதில் உங்களுக்கே தெரியும். கடனும் இருந்தால் மனைவியிடம் முழுத்தொகையைச் சொல்லுங்கள்.

கத்தோலிக்கச் சகோதரி: வருடம் ஒருமுறை புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு மட்டும் போகிறேன். போதாதா?

உங்கள் பங்குத் தந்தையிடம்தான் கேட்க வேண்டும், அம்மா. ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் சபை ஒழுங்கில் ஒப்புரவு அருட்சாதனம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது, இருக்கிறது. முந்திய நாளே ஆன்மசோதனை செய்துகொள்ளுங்கள். "கடைசிப் பாவசங்கீர்த்தனம் செய்து இத்தனை வருடம் ஆயிற்று" என்று தொடங்கினால் போதும், மீதியைத் தந்தை வழிநடத்துவார். ஜூலையில் வரும் திருவிழா வரை காத்திருக்காதீர்கள்.

ஒரு தகப்பனார்: மகன் சிங்கப்பூரில். ஆலயம் வேண்டாம் என்கிறான். போன் செய்தால் சண்டை.

லூக்கா 15இல் ஆட்டைத் தேடிப் போகிறார்கள், காசைத் தேடுகிறார்கள். மகனுக்கு மட்டும் தகப்பன் வீட்டில் காத்திருக்கிறார். வளர்ந்த பிள்ளையை இழுத்து வர முடியாது, அண்ணே. ஒவ்வொரு அழைப்பிலும் ஆலயப் பேச்சை எடுக்காதீர்கள். சாப்பாடு, வேலை, உடம்பு விசாரியுங்கள். அவன் ஊருக்கு வரும்போது எந்த நிபந்தனையும் இல்லாமல் வீட்டில் இடம் இருக்கட்டும். அவனுக்காகத் தினம் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அங்கே தமிழ்ச் சபையில் ஒருவரைத் தெரிந்தால், பிரசங்கம் செய்யாமல் சேர்ந்து சாப்பிட மட்டும் சொல்லுங்கள்.

சபை மூப்பர் ஒருவர்: வராதவர்களை எப்படிச் சந்திப்பது?

மூன்றாவது ஞாயிறு வரவில்லையென்றால் அந்த வாரமே. இரண்டு பேர் போங்கள். காணிக்கை உறை எடுத்துப்போக வேண்டாம். "ஏன் வரவில்லை?" என்று ஆரம்பிக்க வேண்டாம். கலாத்தியர் 6:1 "சாந்தமுள்ள ஆவியோடே" என்கிறது. அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். கேட்டதைச் சபைக் கூட்டத்தில் ஜெபவிண்ணப்பமாக்கிப் பரப்பவும் வேண்டாம்.

இளைஞர் ஒருவர்: திரும்பி வந்தால் மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரே ஞானஸ்நானம்.

இன்னொருவர்: ஊழியக்காரர் ஒருவர், என் பின்மாற்றத்துக்குக் குடும்பச் சாபம் காரணம், அதை முறிக்கக் காணிக்கை வேண்டும் என்கிறார்.

கொடுக்காதீர்கள். இயேசு பேதுருவைத் திரும்ப நிலைநிறுத்தியபோது கேட்டது "என்னில் அன்பாயிருக்கிறாயா" என்பதைத்தான். பணம் கேட்கிறவரிடம் தனியாகவும் போகாதீர்கள்.

வேறொருவர்: மதம் மாறிய என் தங்கை சட்டப்படி திரும்ப வர முடியுமா?

இது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது. பொது இடத்தில் விவரம் எழுதாதீர்கள்.

மேலும் இரண்டு பேர்: நானும் பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவம் செய்தேனா?

மேலே சொல்லிவிட்டேன். தயவு செய்து வாசியுங்கள். வாசித்தும் பயம் தீரவில்லையென்றால், தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், கிளினிக்கில் மனஅழுத்தத்துக்கும் பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல. ஜெபத்துக்கு எங்களிடம் வாருங்கள், தனியாக இருக்காதீர்கள்.

கடைசியாக ஒரு பாட்டி: எல்லாரும் என்னையே பார்ப்பார்களே ஐயா?

சிலர் பார்ப்பார்கள், பாட்டி. ஆராதனை தொடங்கிப் பாட்டு நடக்கும்போது வாருங்கள், யாரும் நிறுத்திப் பேச மாட்டார்கள். எஸ்டேட்டிலிருந்து வேன் காலை எட்டு மணிக்குப் புறப்படும். உங்கள் வீட்டு வாசலில் நிற்கச் சொல்லிவிடுகிறேன். முன் இருக்கை காலியாக இருக்கும், ஏறுவது சுலபம்.