விகோஸ் பள்ளத்தாக்கில் நடக்கலாமா?

கேள்வி: கிரேக்கத்தின் ஸகோரி மலைக்கிராமங்களுக்குப் போகிறோம். விகோஸ் பள்ளத்தாக்குப் பாதை முதல்முறை நடப்பவர்களுக்குச் சரிவருமா?

பதில்: முழங்கால் ஒத்துழைத்தால் தாராளமாகப் போகலாம். மொனொதென்த்ரியிலிருந்து செங்குத்தாக இறங்கி, ஆற்றுப்படுகையை ஒட்டியே நடந்து, கடைசியில் மூச்சுவாங்க ஏறி விகோஸ் கிராமத்தை அடைய சுமார் 12 கிலோமீட்டர்தான், ஆனால் வழியெல்லாம் கல்லும் வேரும் என்பதால் ஆறேழு மணி நேரம் பிடிக்கும். கோடையில் படுகை காய்ந்து கிடக்கும், தண்ணீரைக் கிளம்பும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள். முடிவில் வரும் வொய்தொமாதிஸ் ஊற்றில் காலை வைத்துப் பாருங்கள், கோடையிலும் விறைத்துப்போகும்! திரும்பி வர டாக்ஸியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். மழை பெய்தால் பாறை வழுக்கும், அன்று இறங்கவே வேண்டாம். அப்புறம், இறங்க முடியாதவர்கள் கிப்பி ஊர்ப்பக்கம் போகலாம், 1750இல் கட்டிய கொக்கோரி கல்பாலம் அங்கேதான் இருக்கிறது, அவசியம் பாருங்கள்.